கொடைக்கானலில் ஒரு பழைய பங்களா: முன்வாசல் போய்விட்டது, பின்பக்கம் பிழைத்திருக்கிறது

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய மறுவாரம் கொடைக்கானல் போனோம். அந்த வாரத்தில் மதுரையில் வெயில் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான், வீட்டுக்காரி, ஏழாம் வகுப்பு முடித்த மகள், அம்மா, ஆக நாலு பேர். லாட்ஜ் வேண்டாம், வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஏதாவது ஒன்றில் தங்கலாம் என்று அம்மாதான் சொன்னார். படங்களைப் பார்த்து, இரவுக்கு 4,800 ரூபாய் வீதம் இரண்டு இரவுக்கு இரண்டு அறை போட்டோம். பங்களாவின் பெயரை எழுதப் போவதில்லை. சொல்லப் போகிற குறை அங்கே உள்ள இன்னும் பல பழைய வீடுகளுக்கும் பொருந்தும், ஒருவரை மட்டும் மாட்டிவிடுவது நியாயம் இல்லை. ஏரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், மேட்டின் மேல், கருங்கல் சுவரும் தகரக் கூரையும் உள்ள வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். சுத்தம். ஆளுக்கு இரண்டு கம்பளி, காலை 6 மணிக்கே வெந்நீர், கணப்புக்கு விறகு ஒரு கட்டு 300 ரூபாய் தனி, ஆனால் புகை அறைக்குள் வரவே இல்லை, புகைபோக்கியை ஒழுங்காகத் துடைத்து வைத்திருக்கிறார்கள். சமையல் செய்கிற அக்கா வைத்த மலைப்பூண்டு ரசத்தை அம்மா சோறு போட்டுக்கொள்ளாமல் தம்ளரில் வாங்கி மூன்று முறை குடித்தார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும், அந்த ரசத்தைக் குடித்தால் அது ஏன் என்று நாக்குக்கே தெரிந்துவிடும். அறைக்கும் சாப்பாட்டுக்கும் தாராளமாக நாலு நட்சத்திரம் போடலாம்.

ஆனால் இந்த மாதிரி வீட்டில் அறை பாதிதான். மீதிப் பாதி வீட்டைச் சுற்றி இருக்கிற மண். நான் எழுத வந்ததே அந்தப் பாதியைப் பற்றித்தான், ஏனென்றால் அதற்கு யாரும் நட்சத்திரம் போடுவதில்லை, யாரும் போடாததால்தான் அது வேகமாக அழிந்துகொண்டிருக்கிறது.

நான் மதுரையை ஒட்டிய பசுமலையில் பிறந்து வளர்ந்தவன். அமெரிக்கன் மிஷன் என்ற பெயர் எங்களுக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்லூரி என்று ஏதோ ஒரு வகையில் வீட்டுப் பெயர் மாதிரி. அமெரிக்கன் கல்லூரியே 1881-ல் பசுமலையில் தொடங்கி அப்புறம்தான் கோரிப்பாளையத்துக்குப் போனது. அந்த மிஷன்காரர்கள் மதுரைக்கு வந்தது 1834-ல். வந்த முதல் சில வருஷங்களிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் பலர் செத்துப்போனார்கள், பெரியவர்களும் குழந்தைகளும். வெயில் மாதங்களில் எங்கேயாவது மேலே ஏறிவிட வேண்டும் என்று முதலில் சிறுமலையைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருக்கிறது, ஏறுவது சுலபம், ஆனால் உயரம் போதவில்லை, அங்கேயும் மலைக் காய்ச்சல் விடவில்லை. அதற்குப் பிறகுதான் பழனி மலையின் உச்சிக்கு, கிட்டத்தட்ட 7,000 அடிக்கு, ஏறினார்கள். 1845-ல் இரண்டு வீடு கட்டினார்கள், ஒன்றுக்கு சன்னிசைட் என்று பெயர், இன்னொன்றுக்கு ஷெல்டன். அந்த இரண்டு வீட்டிலிருந்துதான் இன்றைக்கு நாம் கார் வரிசையில் மூன்று மணி நேரம் காத்திருந்து ஏறுகிற ஊர் உண்டானது.

அவர்கள் ஊர் கட்ட வரவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோடை முகாம் போட வந்தார்கள். பங்குனி, சித்திரை, வைகாசி மட்டும் இருந்துவிட்டுப் பசுமலைக்கும் திருமங்கலத்துக்கும் திரும்பி இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. முகாம் போடுகிறவன் பார்க்கிற இடம் வேறு, வீடு கட்டுகிறவன் பார்க்கிற இடம் வேறு. தண்ணீர் எங்கே ஊறுகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கும், மழைத் தண்ணீர் எங்கே ஓடும், சுமை தூக்கி வருகிறவர்கள் எந்தச் சரிவில் மூச்சு வாங்காமல் ஏறுவார்கள் என்று பார்த்து இடம் பிடித்திருக்கிறார்கள். அதனால்தான் பழைய பங்களாக்கள் ரோட்டோரத்தில் இருக்காது, ஏதோ ஒரு மேட்டின் இடுப்பில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். நாங்கள் தங்கிய வீடும் அப்படித்தான். கதவு, ஜன்னல் எல்லாம் பார்த்தால் பிற்காலத்து வீடுதான், ஆனால் அது உட்கார்ந்திருக்கிற விதம் அதே விதம்.

இதெல்லாம் எனக்குப் போன அன்றே புரியவில்லை. அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவர்தான் காட்டினார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், அவருடைய அப்பா அதே தோட்டத்தில் வேலை பார்த்தவர். காலையில் நான் கேட்டில் இருந்து நேராகப் படி ஏறப் போனபோது, "தம்பி, அந்தப் படி புதுசு. பழைய வழியில வாங்க, அம்மாவுக்கும் மூட்டு வலிக்காது" என்று பக்கவாட்டில் கூட்டிப்போனார். ஐந்தடி அகலத்தில் ஒரு பாதை, மேட்டைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது, எந்த இடத்திலும் செங்குத்து இல்லை, நாலு திருப்பத்திலும் திருப்பத்துக்கு ஒரு கல் மேடை. அது எதற்கு என்று மகள் கேட்டாள். டோலி இறக்கி வைக்க.

"எங்க தாத்தா டோலி தூக்குனவரு பாப்பா. கீழ தோப்புல இருந்து இங்க வரைக்கும்."

தோப்பு என்று அவர் சொன்னது கிருஷ்ணம நாயக்கன் தோப்பு, பெரியகுளம் பக்கம் மலை அடிவாரத்தில். லாஸ் காட் என்கிற இன்றைய மலை ரோடு வருவதற்கு முன்னால் கொடைக்கானல் போவதென்றால் அந்த வழிதான். 1875-ல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தபிறகு அம்மையநாயக்கனூரில் இறங்குவார்கள், அதுதான் இப்போது கொடைரோடு ஸ்டேஷன். அங்கிருந்து ராத்திரி முழுக்க மாட்டு வண்டி, வத்தலக்குண்டு தாண்டி, பெரியகுளம் தாண்டி, விடியும்போது தோப்பு. அங்கிருந்து குதிரை உள்ளவர்கள் குதிரையில், மற்றவர்கள் டோலியிலோ நாற்காலியிலோ, செண்பகனூர் வழியாக மேலே. பெட்டி படுக்கை, பீங்கான் தட்டு, மேசை நாற்காலி, சில வீடுகளில் பியானோ வரைக்கும் மனிதர் தோளில்தான் ஏறியிருக்கிறது. கொடைக்கானலில் எங்கே திரும்பினாலும் வெள்ளைக்காரர் பெயர்தான் பலகையில் இருக்கிறது, கோக்கர், பிரையண்ட், லா. தூக்கி ஏற்றியவர்களில் ஒருவர் பெயரைக்கூட நான் எந்தப் பலகையிலும் பார்த்ததில்லை. அந்தக் கல் மேடைகள்தான் அவர்களுக்கு மிஞ்சிய பலகை என்று எனக்குத் தோன்றியது. அம்மா நாலு மேடையிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார், மூட்டு வலிக்கவில்லை என்று மேலே போய்ச் சொன்னார்.

மலை அதற்கு முன்னால் காலியாகக் கிடந்தது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பளியர், புலையர், குன்னுவர், மன்னாடியார் எல்லாம் வெள்ளைக்காரர் வருவதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே அந்த மலையில் இருக்கிறார்கள். தாண்டிக்குடிப் பக்கம் போனால் கற்திட்டைகள், அதாவது கல் பலகைகளால் அமைத்த பழங்காலக் கல்லறைகள், இருக்கின்றன, அவற்றின் வயதோடு ஒப்பிட்டால் பங்களாக்கள் நேற்று வந்தவை. 1821-ல் மலையை அளக்க வந்த வார்டு என்ற லெப்டினன்ட்கூட வெள்ளகவி கிராமத்தில் தங்கித்தான் மேலே ஏறினார். வெள்ளகவி இன்றைக்கும் இருக்கிறது, ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க மாட்டார்கள். வட்டக்கானலிலிருந்து கும்பக்கரைக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் அந்த ஊர் வரும். கால் நல்லாயிருக்கிறவர்கள் வனத்துறையிடம் கேட்டு, உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். கார் ஏற முடியாத காலத்தில் இந்த மலை எப்படி இருந்திருக்கும் என்பது அந்தப் பாதையில் நடந்தால்தான் தெரியும்.

சரி, பங்களாவுக்கு வருகிறேன். பழைய பாதையில் ஏறி முன்வாசலுக்கு வந்தால் மனசு விட்டுப்போகிறது. எட்டு கார் நிற்கிற அளவுக்கு பேவர் பிளாக் போட்டு மூடியிருக்கிறார்கள். முன்னால் அங்கே புல்தரையும் மூன்று பேரிக்காய் மரமும் இருந்ததாம். வரவேற்பறையில் மாட்டியிருக்கிற பழைய படத்தில் அந்த மரங்கள் நிற்கின்றன, வாசலுக்கு வெளியே வந்து பார்த்தால் அதே இடத்தில் சிவப்பு இதய வடிவத்தில் ஒரு கம்பி வளைவு, படம் எடுத்துக்கொள்ள. மதில் ஓரத்தில் சிமெண்ட் காளான், சிமெண்ட் கொக்கு. என் மகள் முதல் நாள் அந்த வளைவில் நின்று படம் எடுத்துக்கொண்டாள், அதில் தப்பு ஒன்றும் இல்லை, குழந்தை. ஆனால் வாடகைக்கு எடுக்கிற நாம் பார்க்கிற படத்தில் முன்வாசல் தெரியாத கோணத்தில் வீட்டை மட்டும் போட்டிருந்தார்கள். அதைக் குறை என்று சொல்லாமல் இருக்க முடியாது.

பார்க்க அழகாக இல்லை என்பது மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் கோக்கர்ஸ் வாக்கில் நின்றுகொண்டிருந்தோம். 1872-ல் போட்ட நடைபாதை அது, மலையின் விளிம்பை ஒட்டி ஒரு கிலோமீட்டர் போகும், வானம் தெளிவாக இருந்தால் பெரியகுளம் தெரியும், ராத்திரியில் மதுரை வெளிச்சமே தெரியும் என்பார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, கீழேயிருந்து மேகம் ஏறி வந்து பாதையையே மூடிவிட்டது. கோடை மழை. ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தோம். ஏழு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது, எட்டு மணிக்குக் கரண்ட் போனது, எட்டேகாலுக்கு அம்மா முன்பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டார். கதவுக்கு அடியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வாசலில் பேவர் பிளாக் பூராவும் கணுக்கால் அளவு நிற்கிறது, போக வழி இல்லாமல் வராந்தா ஏறி அறைக்குள் வருகிறது. அம்மாவின் பெட்டியைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு நான் துணியைப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தேன், அது எந்த மூலைக்குக் காணும்.

பெரியவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்தார். நான் செல்போன் வெளிச்சத்தைக் காட்ட, வீட்டுக்காரி குடை பிடிக்க, வராந்தாவின் தென்மூலையில் காலால் தடவித் தடவி ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, நாலு கல்லை நெம்பித் தூக்கிப் போட்டார். கீழே மணல், மணலுக்குக் கீழே களிமண், அதை வெட்டி இழுத்ததும் ஒரு கருங்கல் விளிம்பு தெரிந்தது. அவ்வளவுதான், தண்ணீர் அந்த இடத்தைத் தேடிச் சுழித்துக்கொண்டு இறங்கியது. பத்து நிமிஷத்தில் வாசல் காலி.

"இங்க வாய்க்கா இருந்துச்சு தம்பி. எங்கப்பா வருசா வருசம் சித்திரையில தூர் வாருவாரு. கல்லு பதிக்கும்போதே சொன்னேன், வாய மட்டும் விட்டுருங்கன்னு. யாரு கேக்குறா."

மறுநாள் காலையில் மழை விட்டு வெயில் அடித்தது. நான் அந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று பார்க்காமல் கிளம்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், மகளும் கூட வந்தாள். ஒரு முழ அகலம், இரண்டு பக்கமும் செதுக்கிய கல், வீட்டின் பக்கச் சுவரை ஒட்டிப் போய் சமையலறைக்குப் பின்னால் வெளியே வருகிறது. அங்கேதான் பங்களாவின் பின்பக்கம். அதைப் பார்த்தபிறகுதான் இந்த விமர்சனத்தை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பின்பக்கம் ஐந்து படிக்கட்டு மாதிரி மேட்டை வெட்டித் தட்டுகளாக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கல் கட்டு, சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லோடு கல் கவ்வி அடுக்கியது. இடுக்குகளில் பெரணி முளைத்திருக்கிறது, இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்துவிடுவதால் இத்தனை வருஷமாக எந்தக் கட்டும் வயிறு தள்ளிச் சரியவில்லை. அதே வீட்டின் முன்பக்கம் மூன்று வருஷம் முன்னால் எழுப்பிய சிமெண்ட் மதில் நடுவில் பிளந்திருக்கிறது, அதையும் பார்த்தேன். வாய்க்கால் மேல் தட்டிலிருந்து ஒவ்வொரு தட்டாக இறங்குகிறது, ஒவ்வொரு தட்டிலும் பேரிக்காயும் பிளம்ஸும் இரண்டு மூன்று மரம், மரத்துக்கு மரம் ஒரு சின்னக் கல் மடை. மடையைத் திறந்தால் மரத்துக்குத் தண்ணீர், அடைத்தால் அடுத்த தட்டுக்கு. கடைசித் தட்டில் ஒரு கல் தொட்டி. தொட்டி நிரம்பி வழிவது கீழே ஓடையில் சேர்ந்து ஏரிக்குப் போகிறது. வீட்டைக் காப்பாற்றுகிற வாய்க்கால், தோட்டத்துக்குப் பாய்ச்சுகிற வாய்க்கால், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வாய்க்கால் என்று மூன்று இல்லை, ஒன்றுதான்.

அந்த ஏரியே மனிதர் செய்ததுதான். சதுப்பாகக் கிடந்த இடத்தில் ஓடையை மறித்து 1863-ல் கரை போட்டவர் வியர் ஹென்றி லெவிஞ்ச், மதுரை கலெக்டர். 60 ஏக்கர், நட்சத்திரம் மாதிரி கைகால் நீட்டிக் கிடக்கிறது, சுற்றிவர ஐந்து கிலோமீட்டர். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார்களாம். கடற்கரைப் படகு மலை ஏறிய கதையை மகளிடம் சொன்னேன், அதுவும் தோளில்தான் வந்ததா என்று பெரியவரைத் திரும்பிப் பார்த்தாள். ஏரியிலிருந்து வழிகிற தண்ணீர்தான் மலை ரோட்டில் நாம் வண்டியை நிறுத்திப் பார்க்கிற வெள்ளி அருவி. ஏறும்போது என் மகள் அந்த அருவியில் இருபது படம் எடுத்திருந்தாள். முந்தின நாள் ராத்திரி பாட்டியின் அறைக்குள் வந்த தண்ணீர் வழிமறிக்காமல் விட்டிருந்தால் அந்த அருவிக்குத்தான் போயிருக்கும் என்று சொன்னதும், அவளுக்கு அந்த நாலு கல்லின் மேல் வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசித் தட்டுக்குக் கீழே வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு சோலை. பெரிய காடு இல்லை, மடிப்பில் ஒதுங்கிய இரண்டு மூன்று ஏக்கர் இருக்கலாம். குட்டையான மரங்கள், பாசி படிந்த கிளை, உள்ளே போனால் இருட்டு. காலை ஏழு மணிக்கு அதற்குள்ளிருந்து பறவைகள் கூட்டமாகச் சிரிக்கிற மாதிரி சத்தம் போட்டன. சிரிப்பான் என்றே அதற்குப் பெயர். இந்த வகைச் சிரிப்பான் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயர்ந்த மலைகளில் மட்டும்தான் இருக்கிறது, வேறு எங்கும் கிடையாது. இதன் அறிவியல் பெயரில் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்க மிஷனரியின் பெயர் இருக்கிறது. இந்த மலைக்கு வந்தபோது அவர் சேகரித்ததை வைத்து 1869-ல் பெயரிட்டார்கள்.

இந்த மாதிரி மலை உச்சிகளை வானத்தீவு என்று சொல்கிறார்கள். தீவைச் சுற்றிக் கடல் இருக்கிற மாதிரி இதைச் சுற்றி வெயில். கொடைக்கானலின் குளிருக்குப் பழகிய அந்தச் சிரிப்பானால் வத்தலக்குண்டு வயல்களைத் தாண்டிப் பறந்து வேறு மலைக்குப் போய்ப் பிழைக்க முடியாது, மேற்கே மூணாறு பக்கத்து மேடுகளைத் தவிர அதற்குப் போக்கிடம் இல்லை. மே மாதத்தில் மதுரையிலிருந்து மேலே ஏறுகிற ஒவ்வொருவருக்கும் இந்த வார்த்தை உடனே புரியும், நாமும் வெயில் கடலிலிருந்து கரையேறித்தான் அங்கே போய் நிற்கிறோம். மிஷன்காரர்கள் முகாம் போட்டதும் அந்தத் தீவில்தான். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் அந்தத் தீவுக்கு நல்லது மட்டும் செய்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விறகுக்கென்று தைல மரம், தோல் பதனிட பட்டைக்கென்று வாட்டில், அப்புறம் பைன் என்று வெளியூர் மரங்களைக் கொண்டுவந்து நட்டதில் புல்வெளி நிறையப் போய்விட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பது அந்தப் புல்வெளிச் சரிவுகளில்தான். 2018-ல் பூத்தது, அடுத்து 2030. அதுவரை எந்தச் சரிவு மிச்சம் இருக்கும் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. 2013-ல் சுற்றியுள்ள காட்டைச் சரணாலயமாக அறிவித்தார்கள், அது பெரிய ஆறுதல். ஆனால் ஊருக்குள் ஒவ்வொரு பங்களாவின் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருக்கிற இந்த மாதிரி சோலைத் துண்டுகளைக் காப்பாற்றுவது அந்தந்த வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் முதலாளியிடம் போனில் பேசினேன். சண்டை போடவில்லை. அறைக்குள் தண்ணீர் வந்ததற்கு ஒரு இரவு வாடகையில் பாதியைத் திருப்பித் தருகிறேன் என்று அவராகவே சொன்னார், தந்தும்விட்டார். மனிதர் மோசம் இல்லை. முன்வாசலை ஏன் மூடினீர்கள் என்று கேட்டேன். "சார், புக் பண்றவங்க பத்து பேர்ல ஒம்பது பேர் மொத கேள்வியா கேக்குறது பார்க்கிங் இருக்கான்னு. நீங்களும் அதைத்தான் கேட்டீங்க" என்றார். உண்மைதான், கேட்டேன். பேரிக்காய் மரம் இருக்கிறதா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லையாம். அடுத்த வருஷம் பின்பக்கத்து மேல் இரண்டு தட்டையும் மண் போட்டு நிரவி கூடாரம் அடித்து 'கேம்பிங்' விடப் போவதாகவும் சொன்னார், இப்போது அதற்குத்தான் கிராக்கி என்று. எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. 180 வருஷம் முன்னால் முகாம் போட்டவர்களின் வழியிலேயே தண்ணீர் பார்த்து, சரிவு பார்த்து அமைத்த தரையை மூடித்தான் புது முகாம் போட வேண்டுமா? தட்டுகள் ஏற்கெனவே சமமாகத்தான் இருக்கின்றன, மரங்களுக்கு நடுவில் நாலு கூடாரம் தாராளமாக நிற்கும், மண்ணும் போட வேண்டாம், கல்லும் எடுக்க வேண்டாம், வாய்க்காலைத் தொடாமல் இருந்தால் போதும் என்று சொன்னேன். சமையல்கார அக்காவிடம் பேசி பேரிக்காய் காலத்தில் மரத்திலிருந்து பறித்துத் தின்னலாம் என்று விளம்பரத்தில் போடுங்கள், மதுரையிலிருந்து குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்றும் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். மறுப்பாகச் சொல்லவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன், இந்த மாதிரி இடத்துக்குப் போகிற மற்றவர்களும் அதையே சொன்னால் அவர் கணக்கு மாறும்.

போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும், கிளம்புவதற்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகாதீர்கள், வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போனால் ஒரு தொல்லையும் இல்லை. கார் இல்லாதவர்களுக்கு மதுரை ஆரப்பாளையத்திலிருந்து பஸ் இருக்கிறது, வலது பக்க ஜன்னலா இடது பக்கமா என்று சண்டை வேண்டாம், மலை ரோட்டில் இரண்டு பக்கமும் மாறி மாறி வரும், டம்டம் பாறையில் மட்டும் முடிந்தால் இறங்கி தலையாறு அருவியைப் பாருங்கள், 975 அடி, எலிவால் மாதிரி ஒற்றைக் கோடாக விழும். ஏரிப் படகு, சைக்கிள், குதிரை எல்லாம் வழக்கம்போல, கூட்டம் தவிர்க்க வேண்டும் என்றால் காலை ஏழு மணிக்கே ஏரியைச் சுற்றி நடந்துவிடுங்கள். பிரையண்ட் பார்க்கை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம், மே மாத மலர்க் கண்காட்சியின்போது நிற்க இடம் இருக்காது.

பழைய பங்களா எதுவாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் போனில் இதைக் கேளுங்கள்: வீட்டுக்குப் போகிற பழைய பாதை இருக்கிறதா, தோட்டத்தில் பழ மரம் எத்தனை, மழைத் தண்ணீர் எங்கே போகிறது. பதில் சொல்லத் தெரிந்த இடத்தில் தங்குங்கள். நாங்கள் தங்கிய மாதிரி வீடு என்றால் பின்பக்கத்து அறையைக் கேட்டு வாங்குங்கள், ஜன்னலைத் திறந்து வைத்தால் சிரிப்பான் எழுப்பிவிடும். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள், அவருக்குத் தெரிந்தது எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது.

என் கணக்கு: அறைக்கும் சாப்பாட்டுக்கும் நாலு, முன்வாசலுக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஐந்து. ஐப்பசி மழையில் நானும் மகளும் மட்டும் இன்னொரு முறை போவதாக இருக்கிறோம். தூக்கிப்போட்ட நாலு கல்லைத் திரும்பப் பதிக்காமல் விட்டுவைக்கிறேன் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார்.